ஆர்கனுக்கு ஒரு ஆட்டுத்தோல்

மேல்விஷாரம்
10.02.2025

ஆர்கன் வாசித்த அம்மையாருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சர்ச் முகவரிக்கு எழுதுகிறேன், யாராவது உங்கள் கையில் சேர்த்துவிடுவார்கள். என் பெயர் நவீத். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவுக்குப் பொறுப்பாளன். போன வியாழக்கிழமை சுந்தர்ராஜின் அடக்க ஆராதனைக்கு உங்கள் சர்ச்சுக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். அவரும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. அவர் டெஸ்பாட்ச்.

துக்கத்துக்குப் போன இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

பெட்டியை உள்ளே கொண்டுவந்தபோது நீங்கள் வாசித்தது பாஹ்வின் எஃப் மைனர் முன்னிசை. வாசித்தீர்கள் என்றா சொன்னேன்? இழுத்தீர்கள். அதில் மூன்று குரல்கள் உண்டு. மேலே ஒருவன் கடவுளைக் கூப்பிடுகிறான். நடுவில் ஒரு குரல் நிற்காமல் ஓடுகிறது. கீழே ஒரு குரல் சீராக நடக்கிறது. இவ்வளவுதான் அந்த இசை. இவ்வளவுக்குள் எல்லாம் இருக்கிறது. இரண்டரை நிமிடத்தில் முடிய வேண்டியதை நீங்கள் நாலு நிமிடத்துக்கு இழுத்தீர்கள். சரி, துக்கம், மெதுவாகப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் இரண்டாம் பாதியில், மேல்குரல் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போகும் இடத்தில், மூன்று குரல்களையும் சேர்த்து நிறுத்தினீர்களே, அது என்ன? ஓடுகிறவனை ஏன் சட்டையைப் பிடித்து நிறுத்தினீர்கள்? பாஹ் அங்கே நிறுத்தம் எழுதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை பக்கம் திருப்புவதற்கு நிறுத்துவது போல இருந்தது.

பியானோவில் பெடலை மிதித்து மிதித்து பாஹ்வை நெய்யில் முக்கி எடுக்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஹார்ப்ஸிகார்டில் ரயிலைப் பிடிக்கப் போகிற மாதிரி ஓடுகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிற பெண்கள் அவர்களைவிடத் தாளத்தோடு தைப்பார்கள். அந்த வாசிப்பாளர்களை எல்லாம் மன்னித்துவிட்டேன். அவர்கள் என் நண்பனுடைய பெட்டிக்கு முன்னால் வாசிக்கவில்லை.

"எங்க சர்ச்ல ஒரு அம்மா வாசிக்கும் பாய். கேட்டீங்கன்னா நீங்க வாயே தொறக்க மாட்டீங்க" என்று சுந்தர்ராஜ் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வந்து கேட்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இதைக் கேட்கத்தான் வந்தேன்போல.

நவீத்

*

பாகாயம், வேலூர்
15.02.2025

திரு. நவீத் அவர்களுக்கு,

என் பெயர் ஜெயபுஷ்பம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாவுகளுக்கும் ஆர்கன்.

உங்களை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? சுந்தர்ராஜ் அண்ணன் எனக்குக் கொடுத்த பென்டிரைவ் உங்களுடையது. நூற்று நாற்பது ஃபைல். ஒன்றிலும் வாசித்தவர் பெயர் கிடையாது. அதற்குப் பதில் 'பரவாயில்லை', 'கொலைகாரன்', 'கொலைகாரன் 2', 'பாவம் விட்டுவிடலாம்', 'இவளுக்குக் கை இருக்கிறது, காது இல்லை'. இதைப் பார்த்து நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இப்போது எனக்கு எந்தப் பெயர் வைத்தீர்கள்? கொலைகாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கம்மியாக இருக்கும்.

அந்த நூற்று நாற்பதில் ஒரே ஒருவருக்குத்தான் நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. கண் தெரியாத அந்த ஜெர்மன் ஆர்கனிஸ்ட், கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து பிறகு சேர்த்தவர். அந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குப் புத்தி இருக்கிறது. மற்றபடி சாய்ந்து உட்கார்ந்து பட்டனைத் தட்டிவிட்டு, ஒரு கட்டையைக்கூட விரலால் தொடாமல், வாசிக்கிறவர்களை எல்லாம் திட்டுகிற ஜாதியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்த வாத்தியத்தையாவது தொட்டது உண்டா? எங்கள் ஆர்கன் எப்படிப்பட்டது என்று தெரியுமா? குழல்களைத் திறக்க ஐந்தே ஐந்து ஸ்டாப் குமிழ்கள், எலி கடித்த கால்கட்டைகள், மூச்சு வாங்குகிற துருத்தி. அவ்வளவு பெரிய காது உங்களுக்கு இருந்தால், அன்றைக்கு என் வாத்தியத்தில் என்ன கோளாறு என்று ஏன் எழுதவில்லை? குறை சொல்வதற்கு ஒரு பெண்பிள்ளையின் விரல்தான் கிடைத்ததா?

அந்த நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விளக்கம் சொல்லும் கடமை எனக்கு இல்லை.

என் போன் நம்பர் ஜெஸியிடம் கேட்டதாகத் தெரிந்தது. அப்பாவைப் புதைத்து பத்து நாள்கூட ஆகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதானால் தபாலில் திட்டுங்கள். அனுப்பியதை அழித்துவிடுகிற வசதி உங்களுக்குக் கிடைக்கக் கூடாது.

ஜெயபுஷ்பம்

*

மேல்விஷாரம்
20.02.2025

ஜெயபுஷ்பம் மேடத்துக்கு,

உங்கள் விரலைவிட உங்கள் பேனா வேகமாகப் போகிறது. இதை ஆர்கனில் காட்டியிருக்கலாம்.

நான் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஜெர்மனியில் தோல் படிப்புக்குப் போன இரண்டு வருடத்தில், ஒரு டிசம்பர் சாயங்காலம் குளிருக்கு ஒதுங்கி ஒரு சர்ச்சுக்குள் நுழைந்தேன். மேலே யாரோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கேட்டதோடு சரி, இந்த வியாதி முப்பத்தொரு வருடமாக விடவில்லை. பிறந்தது பாய் வீட்டில், கேட்பது சர்ச் பாட்டு என்று ஊரில் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

கோளாறு என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். துருத்தியின் மூலை மடிப்பில் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. துருத்தி எழும்பும் ஒவ்வொரு தரமும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு மூலை அல்ல, இரண்டு. யாரோ புத்திசாலி அதன்மேல் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கிறார். அது பிரிந்து காற்றில் படபடத்தது தனியாகக் கேட்டது. மடிகிற இடத்தில் டேப் ஒட்டுகிறவனைத் தோல் தொழிலில் நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். உங்கள் வாசிப்பை முதலில் எழுதியதற்குக் காரணம், தோலைக் குணப்படுத்த முடியும்.

சுந்தர்ராஜை வேலூரில் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போவேன். இருபத்திரண்டு வருடம், என் காரில், என் பாஹ். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். நான் எவனையாவது திட்டுவேன், அவர் "பாவம் பாய், அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்பார். லாரியிலிருந்து தோல் கட்டு சரிந்து வலது தோள் போன பிறகு, காரிலிருந்து கம்பெனியில் அவருடைய மேஜைக்குப் போவதற்குள் டிபன் கேரியரை இரண்டு தரம் கை மாற்றுவார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் விட மாட்டார். இப்போது காரில் எதையும் போடுவதில்லை. டோல்கேட்டில் அந்தப் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்துவிட்டு மூடிக்கொள்கிறேன். எனக்கு அழுகையாக வருகிறது, மேடம். அதை உங்கள்மேல் காட்டிவிட்டேன் என்று என் மனைவி முனவ்வர் சொல்கிறாள். இருக்கலாம். ஆனாலும் நீங்கள் மெதுவாகத்தான் வாசித்தீர்கள்.

நவீத்

*

பாகாயம்
27.02.2025

திரு. நவீத் அவர்களுக்கு,

ஆர்கன் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு மூலைகள். டேப். பிரிந்திருந்தது. உங்களைத் திட்டிக்கொண்டே திரும்பப் பலகையை மாட்டினேன்.

அந்த டேப்பை ஒட்டிய புத்திசாலி சுந்தர்ராஜ் அண்ணன்தான். தோல் கம்பெனி ஆள் தோலுக்குப் போய் டேப் ஒட்டினார். உங்களிடம் கேட்கச் சொன்னபோது, "பாய்கிட்ட கேட்டா இந்த ஆர்கனையே திட்டுவாரு" என்றார். எங்கள் ஆர்கனுக்குக் காற்றடிக்க மின்சார மோட்டார் இருந்தது. அது எரிந்துபோன பிறகு பக்கத்தில் ஒரு மரக் கைப்பிடி, அதைக் கையால் மேலும் கீழும் அடிக்க வேண்டும். பத்தொன்பது வருடம் அடித்தவர் அவர். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கொயரில் பாடுகிறேன் என்று சொல்லியிருப்பார். அடக்கத்தன்று, அப்பா வேலையை நான்தான் செய்வேன் என்று ஜெஸி பிடிவாதமாக நின்று அடித்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட், கை இரும்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு எழுத வேண்டிய தலையெழுத்து இதனால்தான். பாஸ்டரேட் கமிட்டியில் யாரோ ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டி செயலாளர் ஜெயப்பிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னா மேடம், இன்னும் இந்தப் பொட்டிய வச்சிக்கினு பேஜார் பண்றீங்க. இதுல ஒரு பட்டன தட்னா இருவது வயலின் வருது" என்கிறார். அதில் டிரம்ஸும் வருகிறது. போன வாரம் கொயர் பையன் ஷாஜின் அதை வாசித்தபோது, பாவ அறிக்கை ஜெபத்துக்கு நடுவில் டிஸ்கோ தாளம் தானாகவே கிளம்பிவிட்டது. ஆயர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஜெயப்பிரகாஷ் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு எழுதியாகிவிட்டது. குருத்தோலை ஞாயிறன்று, ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி, முழு ஆராதனைக்கும் ஆர்கன் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மறுநாளே பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்கிற மும்மணி ஆராதனை முடிவில், சரியாக மூன்று மணிக்கு, அந்த எஃப் மைனரை நான் வாசிப்பது வழக்கம். இயேசு உயிர்விட்ட அந்த நேரத்தில் சர்ச்சில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். அதை இருபது வயலினுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

தோலைக் குணப்படுத்த முடியும் என்று ஜம்பம் அடித்தீர்கள். செய்து காட்டுங்கள். மூலைத் தோலின் அளவைக் காகிதத்தில் வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜெயபுஷ்பம்

*

மேல்விஷாரம்
06.03.2025

ஜெயபுஷ்பம் மேடத்துக்கு,

ஜெஸி கையில் பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுப் பிரியுங்கள்.

ஆட்டுத்தோல். நானே நாற்பது தோலைப் புரட்டி மூன்றை எடுத்தேன். மேலே பூச்சு இல்லை, சாயம் இல்லை, ஒரு கொசுக்கடித் தழும்புகூட இல்லை. மடித்துப் பாருங்கள், கோடு விழாது. வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். அந்தப் பக்கம் விரலில் காற்று ஜில்லென்று பட்டது. அப்படி ஒரு ஷூ லைனிங் தோல். இத்தாலிக்காரன் கேட்டபோதுகூட இவ்வளவு உயர்ந்த சரக்கை நான் கொடுத்ததில்லை. உங்கள் வாசிப்புக்கு இது ரொம்ப ஜாஸ்திதான், என்ன செய்வது.

வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டச் சொல்லுங்கள். டேப், ஃபெவிகால் என்று ஆரம்பித்தால் நான் ஆளனுப்பித் தோலைத் திரும்ப வாங்கிவிடுவேன். நோன்பு நேரம், இல்லையென்றால் நானே வந்து பக்கத்தில் நின்று ஒட்ட வைத்திருப்பேன்.

சுந்தர்ராஜ் காற்றடித்தார் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தோளை வைத்துக்கொண்டா? என்ன மனுஷன் அவர். எனக்குக் கோபமாக வருகிறது.

நவீத்

*

பாகாயம்
24.03.2025

நவீத் அவர்களுக்கு,

தோல் வேலையில் உங்களுக்கு முப்பது வருடமா, மூன்று நாளா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தச்சர் பாண்டியன் வந்தார். வஜ்ஜிரம் காய்ச்சினார். பழைய தோலைச் சுரண்டி எடுத்து, உங்கள் இத்தாலிச் சரக்கை ஒட்டி, நாலு நாள் காயவைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கல்யாண வீட்டு மெத்தை மாதிரி. ஜெஸி அடிக்க ஆரம்பித்தாள். துருத்தி எழும்புகிறது, கையை எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஓட்டை எங்கே என்று தேடினோம். ஓட்டையே இல்லை. தோல் முழுவதும் காற்றுப் போகிறது! ஊதுவத்தியைப் பக்கத்தில் பிடித்தால் புகை நாலா பக்கமும் ஓடுகிறது. முன்பு டேப்போடு நாலு எண்ணும்வரை நின்றது. இப்போது இரண்டு.

உங்கள் போன கடிதத்தை எடுத்துப் படியுங்கள். என்னிடம் இருக்கிறது, அழிக்க முடியாது. 'வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், அந்தப் பக்கம் விரலில் காற்று பட்டது.' இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இது செருப்பு இல்லை! துருத்தி! கால் வேர்க்காமல் இருப்பதற்கா நான் கேட்டேன்? காற்றைப் பிடித்து வைக்கிற தோல் கேட்டால், காற்றைத் திறந்துவிடுகிற தோலில் உலகத்திலேயே சிறந்ததைத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு 'நல்ல தோல்போல' என்று ஒட்ட வைத்த முட்டாள்தனம் என்னுடையது, அதை மறைக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "இருந்த காத்தும் போச்சா மேடம்?" என்று கேட்டார். அந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று குழாயடிக்குப் போய்விட்டேன். என்னை மற்றவர்கள் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அண்ணன் பத்தொன்பது வருடம் டேப் ஒட்டியாவது ஓட்டினார். உங்களிடம் கொடுத்து இருபது நாளில் கொன்றுவிட்டீர்கள். உங்கள் பென்டிரைவில் உங்கள் பெயருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் இருபது நாள்.

ஜெயபுஷ்பம்

*

மேல்விஷாரம்
02.04.2025

ஜெயபுஷ்பம் மேடத்துக்கு,

பெருநாள் அன்றைக்கு உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. பிரியாணி இறங்கவில்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. இந்த ஒரு வரியை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

முப்பது வருடமாக எனக்கு ஒரே பாடம்: தோல் காற்றை விட வேண்டும். விடாவிட்டால் சரக்கு வாங்குகிற பையர் திருப்பி அனுப்பிவிடுவான். கண்ணை மூடினாலும் என் கை அந்தத் தோலைத்தான் எடுக்கும். எடுத்துவிட்டது. ஆர்கனை முப்பத்தொரு வருடமாகக் கேட்டவன், அது எப்படி மூச்சைப் பிடித்து வைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கேட்கத்தான் தெரியும் என்று நீங்கள் முதலிலேயே எழுதினீர்கள்.

தோலைப் பிரிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு போதும். பளபளப்பான ஆட்டுத்தோலுக்கு முட்டை வெள்ளைக்கருவைப் பூச்சில் சேர்ப்பது தோல் படிப்பில் முதல் வருடப் பாடம். நுரைக்காமல் அடித்து, துணியில் வடிகட்டி, உள்பக்கம் மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காய வேண்டும். துவாரம் அடைபடும், மடிப்பு கெடாது. கம்பெனியில் ஒரு துண்டில் பூசி ஊதிப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை விரலில் ஒன்றும் படவில்லை. முனவ்வரையும் ஊதச் சொன்னேன். அவள் ஊதிவிட்டு, "யாரோ ஒரு அம்மாவுக்குப் பக்கம் பக்கமா திட்டி எழுதுறீங்க, அப்புறம் முட்டை உடைக்கிறீங்க. எனக்கு ஒரு சீட்டாவது எழுதினது உண்டா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முட்டையோடு வருகிறேன். நானே பூசுகிறேன். பேச மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம்.

நவீத்

*

பாகாயம்
14.04.2025

நவீத் பாய் அவர்களுக்கு,

பேச மாட்டேன் என்று எழுதிவிட்டு மூன்று நாளும் வாய் மூடாமல் பேசினீர்கள். பாண்டியனுக்கு வஜ்ஜிரம் காய்ச்சத் தெரியவில்லை, ஆர்கன் பெட்டிக்குப் பூசிய வார்னிஷ் கேவலம், என் நோட்டுப் புத்தகத்தில் விரல் எண்கள் தப்பு. இடுப்புவரை பெட்டிக்குள் நுழைந்துகொண்டு, கால் மட்டும் வெளியே தெரிய, ஹேண்டல் பெரியவரா பாஹ் பெரியவரா என்று துருத்தியிடம் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மூன்று நாளும் ஆர்கனுக்குள்ளிருந்து ஆம்லெட் வாசனை. நேற்றுக்கூட லேசாக வந்தது.

நேற்று ஆர்கன் தாங்கியது. ஒரு மணி நாற்பது நிமிடம். கையை எடுத்தால் பதினொன்று எண்ணும்வரை துருத்தி நிற்கிறது, ஜெஸி எண்ணினாள். குருத்தோலைப் பவனி உள்ளே வரும்போது ஐந்து ஸ்டாப்பையும் இழுத்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெயப்பிரகாஷ் வந்து, "சத்தம் வருது மேடம், இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்டைல் வரலியே" என்றார். ஆயர் கேட்டு, வெள்ளிக்கிழமைக்கும் ஆர்கன்தான் என்று சொல்லிவிட்டார்.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை. வெள்ளிக்கிழமை ஜெஸிக்கு டியூட்டி. மதியம் இரண்டு மணிவரைதான் இருக்க முடியும். காற்றடிக்க வேறு ஆள் இல்லாவிட்டால் கடைசி ஒரு மணி நேரம் கீபோர்டு என்று ஜெயப்பிரகாஷ் இப்போதே ஒயரை இழுத்து வைத்துவிட்டார். என்னுடைய மூன்று மணி அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது. கொயரில் கேட்டேன். ஒருவருக்கு ஹெர்னியா, ஒருவருக்கு சட்டை கசங்கிவிடும்.

நீங்கள் முப்பத்தொரு வருடம் பட்டனைத் தட்டினீர்கள். ஒரு மணி நேரம் கைப்பிடியை அடித்துப் பாருங்கள். வாசிப்பவர்களைத் திட்டுவதற்கு முன்னால் வாத்தியத்துக்கு ஏதாவது செய்தோம் என்று இருக்கட்டும். வர முடியாது என்றால் இன்றைக்கே எழுதுங்கள், நான் இருபது வயலினுக்குப் பழகிக்கொள்கிறேன்.

ஜெயபுஷ்பம்

*

மேல்விஷாரம்
16.04.2025

மேடத்துக்கு,

வெள்ளிக்கிழமை எனக்கு ஜும்ஆ. வேலூரிலேயே தொழுதுவிட்டு இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறேன். ஜெஸி நான் வரும்வரை கைப்பிடியை விடக் கூடாது. ஜெயப்பிரகாஷிடம் அந்த ஒயரைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மெதுவாக வாசித்தால் அடிக்கிறதை நிறுத்திவிடுவேன்.

நவீத்

*

மேல்விஷாரம்
19.04.2025

ஜெயபுஷ்பம் மேடத்துக்கு,

வலது கை தூக்க முடியவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சகித்துக்கொள்ளுங்கள், நான் உங்கள் தாளத்தைச் சகித்துக்கொள்ளவில்லையா?

கைப்பிடி அவ்வளவு கனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் பாட்டிலேயே சட்டை நனைந்துவிட்டது. நான் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இத்தனை வருடம் கேட்ட இசை அங்கே ஒன்றும் கேட்கவில்லை. மரம் கிறீச்சிடுகிறது, துருத்தி உறுமுகிறது, என் மூச்சு எனக்கே கேட்கிறது. பாஹ் வெளியே எங்கோ மற்றவர்களுக்காகப் போய்க்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் அந்த இடத்தில் நின்றவரும் உங்கள் வாசிப்பைச் சரியாகக் கேட்டிருக்க முடியாது. வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்துத்தான், அந்த அம்மா வாசித்தால் வாயைத் திறக்க மாட்டீர்கள் என்று என்னிடம் சொல்லியிருப்பார்.

மூன்று மணி அடித்தது. எஃப் மைனர் ஆரம்பித்தீர்கள். முதல் பாதி, அது திரும்ப ஒரு தரம், பிறகு இரண்டாம் பாதி. மேல்குரல் அந்த வரியை முடிக்கப் போகும்போது என் வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. இனி ஒரு அடிகூட முடியாது என்று கைப்பிடியை விட்டு இடது கைக்கு மாற்றினேன். அதே நேரத்தில் நீங்கள் விரலை எடுத்தீர்கள். மூன்று குரலும் நின்றன. என் இடது கை கைப்பிடியைப் பிடித்ததும் திரும்ப ஆரம்பித்தன. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில்தான் சுந்தர்ராஜ் கை மாற்றுவார், இல்லையா? பழைய தோலில் காற்று நாலு எண்ணும்வரைதான் நிற்கும், வாசிக்கும்போது அதுவும் நிற்காது. அவர் கை மாற்றும்போது குழல்கள் தொய்ந்து முனகியிருக்கும். அது யாருக்கும் கேட்கக் கூடாது என்று நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். இப்போது தோல் பதினொன்று எண்ணும்வரை நிற்கிறது, நிறுத்தத் தேவையே இல்லை, இருந்தும் நிறுத்தினீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை பக்கம் திருப்புகிறது என்று நான் எழுதினேன். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறது, அழிக்க முடியாது. அதனால் இதையும் எழுதுகிறேன்: நான் எழுதியது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அடக்கத்தன்று அடித்தது ஜெஸி. அவளுக்கு இரும்புக் கை என்று நீங்களே எழுதினீர்கள். அவள் கை மாற்றியிருக்க மாட்டாள். அன்றைக்கு ஏன் நிறுத்தினீர்கள்?

மூன்றே முக்கால் நிமிடம் ஆனது. மணி பார்த்தேன்.

நவீத்

*

பாகாயம்
23.04.2025

நவீத் பாய்க்கு,

தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். வலி பத்து நாளில் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், படம் எடுத்துப் பார்க்கிறேன். அங்கேயாவது பேசாமல் அசையாமல் நிற்பீர்கள்.

ஆமாம், ஜெஸி கை மாற்றவில்லை. ஆனால் அண்ணனுடைய பெட்டி எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அந்த இடம் வந்தது. அவர் கை மாற்றிக்கொள்ளாமல் நான் எப்படி மேலே போவேன்?

அடுத்த வருடம் ஏப்ரல் மூன்றாம் தேதி பெரிய வெள்ளி. ஜும்ஆவை முடித்துவிட்டு வாருங்கள். இடது கையில் ஆரம்பியுங்கள்.

ஜெயபுஷ்பம்